பாதிக் கழுத்துக்குப் பூசிய களிம்பு

கடையில் அவரைச் சந்தேகக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். முதுகுக்குப் பின்னால் அல்ல, முகத்துக்கு நேராகவே. அவரும் திரும்பிப் பார்ப்பார். பால் பாக்கெட்டில் தேதியைப் படித்துவிட்டு, பால்காரர் முகத்தையும் ஒருமுறை படிக்கிற ஆள். பேருந்தில் சீட்டு வாங்கினால் நிறுத்தத்தின் பெயர் சரியாக அச்சாகியிருக்கிறதா என்று பார்க்காமல் பைக்குள் வைக்கமாட்டார்.

"என்னையே உரசிப் பாத்துட்டுத்தானே கட்டிக்கிட்டே" என்று பள்ளிக்கூட வேன் ஓட்டும் அவர் கணவர் சொல்லுவார்.

"பாத்தேன். கொஞ்சம் செம்பு கலந்திருந்துச்சு. பரவாயில்லைன்னு எடுத்துக்கிட்டேன்."

உரசிப் பார்ப்பது அவருடைய தொழில். பத்தொன்பது வயதில் அந்த நகைக்கடையின் பின்னறையில் வேலைக்குச் சேர்ந்தபோது கையில் கொடுத்தது ஒரு கறுப்பு உரைகல்லை. பழைய நகை வந்தால் கல்லில் ஒரு கோடு இழுக்க வேண்டும். பக்கத்திலேயே, தரம் தெரிந்த தங்க ஊசியால் இன்னொரு கோடு. இரண்டின் மேலும் அமிலச்சொட்டு. எந்தக் கோடு எவ்வளவு கரைகிறது என்று பார்த்துத் தரம் சொல்ல வேண்டும். வந்த நகையின் கோட்டை மட்டும் தனியாக இழுத்துப் பார்த்தால் அது எப்போதும் தங்கமாகத்தான் தெரியும். பக்கத்தில் தெரிந்த கோடு இல்லாமல் தெரியாத கோட்டைப் படிக்கக்கூடாது. இந்தப் பாடத்தை அவர் வெறும் தங்கத்தோடு நிறுத்திக்கொள்ளவில்லை என்பதுதான் அவருக்கு அந்தப் பட்டப்பெயர் வந்த கதை.

பிறகு அவரை முன்னே கொண்டுவந்து நெக்லஸ் கவுன்ட்டரில் நிறுத்தினார்கள். வாங்க வருகிற பெண்கள் முதலில் தங்கள் கழுத்தில் போட்டுப் பார்க்கக் கூச்சப்படுவார்கள். இவர் தன் கழுத்தில் மாட்டிக் காட்டுவார். நீண்ட கழுத்து. முப்பது வருடமாக அந்தக் கடையின் கனத்த நெக்லஸ் எதுவும் அவர் கழுத்தில் ஏறி இறங்காமல் வெளியே போனதில்லை. கடை சாத்தும்போது எல்லாவற்றையும் கழற்றித் தட்டில் வைத்துவிட்டு வெறுங்கழுத்தோடு வீட்டுக்குப் போவார்.

ஐம்பத்து நாலாவது வயதில், ஒரு நாள் காலை, சின்ன முதலாளி கண்ணாடி அறைக்குக் கூப்பிட்டார். பெரிய முதலாளியின் மகன். கடைக்குப் புது விளக்குகள் போட்டு, நகைகளை வீடியோ எடுத்துப் போட ஆரம்பித்திருந்தவர்.

"அக்கா, தப்பா எடுத்துக்காதீங்க."

"தப்பா எதுவும் சொல்லப்போறதில்லைன்னா அதை ஏன் முன்னாடியே சொல்றீங்க?"

சின்ன முதலாளி சிரித்தார். பிறகு கைப்பேசியைத் திருப்பிக் காட்டினார். திரையில் நெக்லஸ் மின்னியது. அதன் மேலே இவருடைய கழுத்து. தாடையிலிருந்து நெட்டாக இறங்கும் இரண்டு நரம்புகள் போன்ற மேடுகள், இஸ்திரி போடாத துணி மாதிரிக் குறுக்குக் கோடுகள், தாடைக்கடியில் தளர்ந்து தொங்கும் தோல்.

"நகையைப் பாக்க வேண்டிய கண்ணு கழுத்தைப் பாக்குதுக்கா. இப்பெல்லாம் இதுக்கு நிறைய வழி இருக்கு." ஒரு தோல் கிளினிக்கின் அட்டையை நீட்டினார். "மூணு மாசம் எடுத்துக்குங்க. சரியாச்சுன்னா நீங்கதான் இங்க ராணி. இல்லைன்னா பின்னாடி ரிப்பேர் வாங்குற கவுன்ட்டர் காலியா இருக்கு."

ரிப்பேர் கவுன்ட்டர் என்பது மாடிப்படிக்கு அடியில், ஜன்னல் இல்லாத இடம். விற்பனையில் கிடைக்கும் பங்கு அங்கே கிடையாது. அதைவிடப் பெரிய அவமானம், முப்பது வருடம் நின்ற இடத்திலிருந்து தோலைக் காரணம் காட்டி ஒருவரை இறக்குவது. சின்ன முதலாளியின் அப்பாவுக்குக் கழுத்தில் மூன்று மடிப்பு உண்டு. அவரை யாரும் மாடிப்படிக்கு அடியில் உட்காரச் சொல்லவில்லை. ஆணின் கழுத்து தளர்ந்தால் அனுபவம் என்கிறோம். பெண்ணின் கழுத்து தளர்ந்தால் அட்டையை நீட்டுகிறோம்.

வீட்டில் கணவரிடம் கேட்டார். "எனக்கு உன் கழுத்து நல்லாத்தான் இருக்கு" என்றார் அவர்.

"சொந்தக்காரங்க சாட்சி செல்லாது" என்று சொல்லிவிட்டு அட்டையைப் பர்ஸில் வைத்தார்.

கிளினிக்கின் கூடத்தில் செடிகள் பச்சையாக இருந்தன. இலையைக் கிள்ளிப் பார்த்தார், பிளாஸ்டிக். வரவேற்பில் படிவம் கொடுத்தார்கள். பெயர், வயது, ஒவ்வாமை. கீழே "அனுப்பியவர்" என்று ஒரு கட்டம். அதில் கடையின் பெயர் ஏற்கெனவே அச்சிடப்பட்டிருந்தது. கையால் எழுதியதல்ல, அச்சு. ஒரே ஒரு ஆளுக்காக யாரும் அச்சடிக்கமாட்டார்கள் என்று அவருக்கு உடனே தோன்றியது. நிரப்பியதும் ஒரு நகலைக் கையில் கொடுத்தார்கள்.

உள்ளே வெள்ளைக் கோட்டுப் போட்ட ஒரு பெண் வரவேற்றாள்.

"நீங்க டாக்டரா?"

"நான் ஆலோசகர் மேடம். நீங்க பணம் கட்டின பிறகுதான் டாக்டர் பாப்பாங்க."

அந்தப் பெண் ஆல்பத்தைத் திறந்தாள். முன், பின் என்று ஜோடி ஜோடியாகப் படங்கள். தோலுக்கடியில் சூடு கொடுக்கும் மெஷின், ஊசி, நூல் செருகி இழுத்துக் கட்டுவது, களிம்பு. எல்லாவற்றுக்கும் "நூறு சதவீதம்" என்றாள்.

சந்தேகக்கா முதல் படத்திலேயே நின்றுவிட்டார். "முன்" படத்தில் அந்த அம்மாள் குனிந்திருந்தார். வெளிச்சம் தலைக்கு மேலிருந்து விழுந்தது. "பின்" படத்தில் தாடை ஒரு விரல்கடை மேலே; வெளிச்சம் முகத்துக்கு நேரே. இந்த வித்தை அவருக்குப் புதிதல்ல. நகை மாட்டிய எத்தனையோ பெண்களிடம் "கண்ணாடியைப் பாருங்க, தாடையைக் கொஞ்சம் தூக்குங்க" என்று அவரே சொல்லியிருக்கிறார். தாடை தூக்கினால் எந்தக் கழுத்தும் ஐந்து வயது இளமையாகும், எந்த நெக்லஸும் விற்றுப்போகும்.

"இந்தம்மாவோட தாடையைத் தூக்கிவிட்டது யாரு? மெஷினா, போட்டோ எடுத்தவரா?"

ஆலோசகர் பக்கத்தைப் புரட்டினாள். அடுத்ததிலும் அதே வித்தை.

ஆனாலும் வெறுங்கையோடு போனால் முயற்சியே செய்யவில்லை என்பார்கள். ஒரு களிம்பை மட்டும் வாங்கினார். எட்டு வாரத்தில் தோல் இறுகும் என்று டப்பாவின் மேல் தங்க எழுத்தில் போட்டிருந்தது. வீட்டுக்குப் போகும் வழியில் மருந்துக்கடையில் நின்று, வெடிப்புக்குப் பூசும் சாதாரண வெள்ளைக் களிம்பு ஒன்றையும் வாங்கினார். அது தெரிந்த கோடு. அன்றிலிருந்து தினமும் குளித்த பிறகு கிளினிக் களிம்பைக் கழுத்தின் இடது பாதியிலும் வெள்ளைக் களிம்பை வலது பாதியிலும் பூசினார். எந்தப் பக்கம் எது என்று கணவரிடம் சொல்லவில்லை.

"கழுத்துக்குக்கூடப் பங்கு பிரிச்சிட்டியா?" என்றார் அவர்.

"தீர்ப்பு சொல்றப்போ நீங்க வந்தாப் போதும்."

இதற்கிடையில் ஒரு விடுமுறை நாளில் அரசாங்க மருத்துவமனையின் தோல் பிரிவில் வரிசையில் நின்றார். சொறிக்கும் படைக்கும் வந்தவர்களுக்கு நடுவே தான் மட்டும் கழுத்தைத் தூக்கிக்கொண்டு வந்திருப்பது அவருக்கே ஒரு மாதிரியாக இருந்தது. டாக்டர் அம்மாள் களைத்திருந்தார். மேஜையில் தேநீர் ஆறி ஆடை கட்டியிருந்தது. ஆனால் விரட்டிவிடவில்லை. இரண்டு விரலால் தோலைக் கிள்ளிவிட்டுக் கவனித்தார்.

"இது நோய் இல்லைம்மா. வயசு, வெயில், கொஞ்சம் பரம்பரை. என்ன தெரியணும்?"

"எல்லாம். நல்லதும் கெட்டதும்."

"சரி. களிம்பு வறட்சியைப் போக்கும், சிலது மெல்லிய கோட்டைக் கொஞ்சம் குறைக்கும். தொங்குற தோலைத் தூக்காது. மெஷின்ல சூடு குடுத்தா சிலருக்குக் கொஞ்சம் இறுகும், அதுவும் தளர்ச்சி கம்மியா இருந்தா. மாசக்கணக்கா காத்திருக்கணும், அப்புறமும் நிச்சயம் இல்லை. ஊசி இந்த நெட்டு மேடுகளைத் தளர்த்தும், மூணு நாலு மாசத்துல பழையபடி ஆயிடும். நூல் போட்டு இழுக்கறதும் ரொம்ப நாள் நிக்காது."

"எது நிஜமா தூக்கும்?"

"ஆபரேஷன். தோலை வெட்டி இழுத்துத் தைக்கறது. நல்லா வித்தியாசம் தெரியும். ஆனா தழும்பு இருக்கும், ரத்தம் கட்டலாம், நரம்பு பாதிக்கலாம், கொஞ்ச நாள் மரத்துப்போகலாம். அதுக்கப்புறமும் வயசு நிக்காது. இனிமே மோசமாகாம இருக்கணும்னா வெயில்ல போறப்போ கழுத்துக்கும் சேர்த்து வெயில்களிம்பு பூசுங்க. அது மட்டும் நிச்சயம்."

"நூறு சதவீதம்னு எதுவுமே இல்லையா?"

"அப்படி யாராவது சொன்னா எழுந்து வந்துடுங்க. ஆமா, இது யாருக்கு வேணும்? உங்களுக்கா?"

"எங்க சின்ன முதலாளிக்கு."

"அப்ப அவரை வரச் சொல்லுங்க, பாக்கறேன்."

சந்தேகக்கா வாய்விட்டுச் சிரித்தது வெளியே வரிசை வரைக்கும் கேட்டது. ஒன்றும் விற்காதவர் சொல்லும் விவரம் எப்படி இருக்கும் என்று அன்றைக்குத் தெரிந்துகொண்டார்.

எட்டு வாரம் முடிந்தது. கணவரை ஜன்னல் பக்கம் நிறுத்தி, தாடையை நேராக வைத்துக்கொண்டு, எந்தப் பக்கம் இறுகியிருக்கிறது என்று கேட்டார். அவர் கண்ணாடியைப் போட்டார், கழற்றினார், மறுபடி போட்டார். "வலது... இல்ல, இடது... ரெண்டும் ஒரே கழுத்துடி."

அன்றைக்கே கிளினிக்குக்குப் போனார். ஒரு பக்கம் மட்டும்தான் களிம்பு பூசினேன், எது என்று சொல்லுங்கள் என்றார். ஆலோசகர் தயங்கவே இல்லை. வலது பக்கத்தைத் தொட்டு, "தெளிவாத் தெரியுதே மேடம்! எப்படித் தூக்கியிருக்கு பாருங்க" என்றாள்.

"அது குதிகால் வெடிப்புக்குப் பூசுற களிம்பும்மா."

ஆலோசகர் அசரவில்லை. "அப்படின்னா உங்க தோலுக்கு மெஷின்தான் சரி."

எழுந்து கூடத்துக்கு வந்தபோது சோபாவில் ஒரு தெரிந்த முகம். கடையின் வளையல் கவுன்ட்டர் பெண். இருபத்து நாலு வயது. இவரைக் கண்டதும் கையிலிருந்த படிவத்தைத் துப்பட்டாவுக்குள் ஒளித்தாள்.

"உனக்கென்னடி வந்துச்சு?"

"கழுத்துல கோடு விழுதாம்க்கா. இப்பவே பாத்துட்டா உங்க இடத்துக்கு என்னைப் போடறேன்னு சின்ன முதலாளி..." சொல்லி முடிக்காமல் நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

அவள் கழுத்தில் கோடு இருந்தது உண்மைதான். பிறந்த குழந்தைக்கும் கழுத்தில் கோடு உண்டு. ஐம்பத்து நாலு வயதுக்காரியைத் தளர்ந்துவிட்டாய் என்றும், இருபத்து நாலு வயதுக்காரியைத் தளரப்போகிறாய் என்றும் மிரட்டினால், நடுவில் தப்பிக்க வயதே கிடையாது. சந்தேகக்கா படிவத்தை வாங்கிப் பார்த்தார். அதே கட்டம், அதே அச்சு. தலையைத் தூக்கினால் சுவரில் திறப்புவிழாப் படம்: கிளினிக்கின் உரிமையாளராக நாடாவை வெட்டுவது சின்ன முதலாளியின் மச்சான். பக்கத்தில் கைதட்டுவது சின்ன முதலாளி.

மறுநாள் சாப்பாட்டு இடைவேளையில் ஒவ்வொருத்தியாகக் கேட்டார். ஒவ்வொருத்தியும் தனக்கு மட்டும்தான் அந்த அவமானம் என்று நினைத்து மூடி வைத்திருந்தாள். இவர் தன் படிவத்தை டிபன் பாக்ஸ் பக்கத்தில் விரித்து வைத்ததும் மற்றவையும் வெளியே வந்தன. அவருடையதோடு சேர்த்து ஏழு படிவங்கள். மோதிரம் காட்டுபவளை விரல் மடிப்புக்காக அனுப்பியிருந்தார்கள்.

"எனக்குக் கணக்கு மேஜைதான் வேலை. கழுத்து எதுக்குன்னு கேட்டேன். பொதுவா நல்லதுன்னாரு" என்றாள் ஒருத்தி.

"பொதுவா யாருக்கு நல்லதுன்னு கேட்டியா?"

மூன்று மாதம் முடிந்த அன்று சின்ன முதலாளியே கூப்பிட்டனுப்பினார். சந்தேகக்கா கண்ணாடி அறைக்குப் போகாமல் பெரிய முதலாளியின் அறைக்குப் போய் நின்றார். பின்னாலேயே சின்ன முதலாளி வந்தார். மற்ற ஆறு பேரும் வாசலில் நின்றார்கள்.

"கழுத்து அப்படியேதான் இருக்கு" என்றார் சந்தேகக்கா. "பாத்துக்குங்க."

"அப்ப பேசினபடி ரிப்பேர் கவுன்ட்டர்" என்றார் சின்ன முதலாளி. "யாரை எங்க நிறுத்தறதுங்கறது எங்க உரிமை."

"சரி, போறேன். எழுதிக் குடுத்துடுங்க. 'கழுத்துத் தோல் தளர்ந்ததால் இடம் மாற்றப்படுகிறார்'னு. கீழே, சிகிச்சைக்கு அனுப்பின கிளினிக் யாரோடதுன்னும் ஒரு வரி." ஏழு படிவங்களையும் மேஜையில் வரிசையாக அடுக்கினார். "இவங்களுக்கும் ஆளுக்கு ஒண்ணு."

பெரிய முதலாளி படிவங்களை ஒவ்வொன்றாகத் தூக்கிப் பார்த்தார். ஏழாவதைப் பார்க்கும்போது அவர் கை தன்னையறியாமல் தன் கழுத்துக்குப் போனது.

சின்ன முதலாளி வீம்பாக ஒரு தாளை இழுத்தார். பணியாளர் எண்ணை எழுதினார். "கீழ்க்கண்ட காரணத்தால்" என்று எழுதினார். பேனா நின்றது.

"நிர்வாகக் காரணம்னு போட்டுக்கறேன்."

"வாயால சொன்ன காரணத்தையே போடுங்க. நான் போய் நாலு பேர்கிட்டக் காட்ட வேண்டியிருக்கும்."

"மிரட்டறீங்களா?"

"இல்ல தம்பி. படிக்கக் குடுப்பேன். அவ்வளவுதான்."

பேனா முனையிலிருந்து ஒரு புள்ளி மை தாளில் ஊறிப் பெரிதாகிக்கொண்டிருந்தது. ஒருவரைக் கூப்பிட்டு முகத்துக்கு நேராகச் சொல்ல முடிந்த காரணம், கையெழுத்துப் போடும்போது மட்டும் கூசுகிறது.

"பேனாவை வைடா" என்றார் பெரிய முதலாளி. மகனைப் பார்க்காமலே சொன்னார். "நீ கவுன்ட்டருக்குப் போம்மா. உன் இடம் உன்னோடதுதான்."

சந்தேகக்கா நகரவில்லை. "இவங்க?"

"இவங்களுந்தான். யாரையும் எங்கயும் அனுப்ப மாட்டோம்."

"வார்த்தையாவா, எழுத்தாவா?"

வாசலில் யாரோ சிரிப்பை அடக்கினார்கள். பெரிய முதலாளி பெருமூச்சு விட்டுப் புதுத் தாள் எடுத்தார். பணியாளர் யாரையும் தோல் சிகிச்சைக்குப் போகச் சொல்லவோ, உடல் தோற்றத்துக்காக இடம் மாற்றவோ மாட்டோம் என்று தன் கையாலேயே எழுதிக் கையெழுத்துப் போட்டு நீட்டினார்.

சந்தேகக்கா அதை இரண்டு தடவை படித்தார். பிறகு மேஜையில் திரும்ப வைத்து, கையெழுத்துக்குக் கீழே விரலால் தொட்டுக் காட்டினார்.

"தேதி போடலைங்க."