நாலரை இன்ச் சுவர்

நான் படித்த பள்ளியின் பழைய கட்டடத்தைப் பற்றி மலர் போடுகிறோம், அதற்குத் தரைத்தள வரைபடம் ஒன்று வேண்டும் என்று பழைய மாணவர் சங்கச் செயலாளர் போன் செய்தார். அரசு அலுவலகத்தில் முப்பது வருடம் கட்டடப் படம் வரைந்து ஓய்வு பெற்றவள் நான். மாட்டேன் என்பேனா? டேப்பும் நோட்டும் எடுத்துக்கொண்டு ரிச்சர்ட்ஸ் டவுனுக்குப் பஸ் ஏறினேன்.

அழகான கட்டடம்தான், அதில் எனக்குச் சண்டையில்லை. இரண்டடி கனத்தில் கருங்கல் சுவர், மங்களூர் ஓடு, முகப்பில் மரச்சட்டம் அடித்த கூரான முக்கோணம், சுற்றிலும் வளைவு வளைவாக வராந்தா. மலருக்கு இதையெல்லாம் பக்கம் பக்கமாக எழுதி வைத்திருந்தார்கள். அந்த வராந்தாவின் குறுக்கே ஒரு சுவர் இருந்ததைப் பற்றி ஒரு வரி இல்லை.

ஃபீஸ் கட்டியவர்கள் முன்பக்கம் படித்தார்கள். நாங்கள் இலவசப் பிரிவு, தமிழ் வகுப்பு, பின்பக்கம். மில்லுக்கும் வீட்டு வேலைக்கும் போகிறவர்களின் பிள்ளைகள் முன்வாசலுக்கு வந்துவிடக் கூடாதென்று பின்னாளில் யாரோ எழுப்பிய ஒற்றைச் செங்கல் சுவர் அது. எழுப்பியவருக்குக் கட்டடமும் தெரியவில்லை, வெட்கமும் தெரியவில்லை. ஒரு வளைவின் நட்டநடுவில் கொண்டுபோய் முட்ட வைத்திருந்தார். அரை வளைவு அவர்களுக்கு, அரை வளைவு எங்களுக்கு. குடிதண்ணீர்க் குழாய் மட்டும் முழுசாக அவர்களுக்கு. ஐந்து வருடம் வீட்டிலிருந்து தண்ணீர் சுமந்துகொண்டு போனேன்.

இப்போது சுவர் இல்லை. அது நின்ற இடத்தில், சிவப்புத் தரையில், சிமென்ட் பூசிய ஒரு பட்டை ஓடுகிறது. குனிந்து அளந்தேன். நாலரை இன்ச். நோட்டில் குறித்துக்கொண்டேன். இந்தப் படத்திலும் விட்டுவிட்டால் நாங்கள் அடைபட்டுக் கிடந்ததற்குக் காகிதத்தில் சாட்சியே இருக்காது. இடித்த சுவரைப் புள்ளிக்கோட்டில் காட்டுவது எங்கள் தொழில் வழக்கம். அப்படியே காட்டினேன்.

செயலாளர் முன்பக்கத்தில் படித்தவர். நல்ல மனிதர்தான், காபியெல்லாம் வரவழைத்தார். படம் பிரமாதம், முதல் பக்கத்திலேயே உங்கள் பெயரோடு போடுகிறோம், இந்த ஒரு கோட்டை மட்டும் எடுத்துவிடுங்கள் என்றார். முடியாது என்றேன். அப்படியானால் வேறு ஆளை வைத்து வரைந்துகொள்கிறோம் என்றார். தாராளமாக, ஆனால் அவருக்கும் அந்தத் தரை கண்ணில் படுமே என்றேன். மனிதர் குரலை இறக்கினார்.

"மேடம், அதை இடிச்சு எத்தனையோ வருஷம் ஆச்சு. இப்ப சும்மா எதுக்கு அந்தக் கோடு?"

"இடிச்சதாலதான் சார் புள்ளிக்கோடு. இன்னும் நின்னுட்டிருந்தா கெட்டிக்கோடாவே போட்டிருப்பேன்."