என் மனைவி செய்த எண்ணிக்கைப் பெட்டி

என் மனைவி ஆவடிப் பக்கம் ஒரு பொறியியல் கல்லூரியில் உதவிப் பேராசிரியராக வேலை பார்த்தாள். அந்த வேலை போனதற்குக் காரணம் அவளே செய்த ஒரு பொருள். இதை யாரிடம் சொன்னாலும் முதலில் சிரிக்கிறார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

ஆராய்ச்சியாளர்கள் தங்கள் கட்டுரைகளைப் போட்டுவைத்து, ஒருவரை ஒருவர் தேடிக்கொள்ளும் இணையதளங்கள் உண்டு. அந்தப் பக்கங்களில் ஒட்டிவைக்கிற மாதிரி ஒரு சின்ன விட்ஜெட் எழுதினாள். ஒருவருடைய பெயரைத் தட்டினால் அவர் என்ன எழுதினார், யாரோடு சேர்ந்து எழுதினார், மொத்தம் எத்தனை கட்டுரை என்று ஒரு பெட்டிக்குள் காட்டும். எந்தத் தகவலை எப்படிக் காட்டுவது என்று எல்லாரும் ஏற்றுக்கொண்ட பொதுத் தரத்தின்படி எழுதியதால், எந்தக் கல்லூரியும் எடுத்துத் தன் தளத்தில் போட்டுக்கொள்ளலாம். காசு கிடையாது.

முகப்பேர் ஃப்ளாட்டில் சாப்பாட்டு மேசைதான் அவளுக்கு ஆய்வுக்கூடம். ஞாயிற்றுக்கிழமையானால் சாம்பார்ப் பாத்திரத்தை ஓரமாகத் தள்ளிவிட்டு லேப்டாப்பை வைப்பாள். நான் ஐ.டி.யில் குப்பை கொட்டுகிறவன், மூக்கை நுழைக்காமல் இருப்பேனா?

"இந்த மாதிரி டூல் எழுதறதையும் ஒரு கணக்கா காட்டேன்" என்றேன்.

"அதுக்கு அந்தத் தரத்துல இடமே இல்லீங்க. கட்டுரைக்குத்தான் இருக்கு. நானா ஒண்ணைச் சேத்தா மத்த இடத்துல ஓடாது."

அவ்வளவு நேர்மை. அந்த நேர்மைமேல் எனக்கு இன்றைக்கும் கோபம்தான்.

வெளியூர்க் கல்லூரிகள் ஒவ்வொன்றாக எடுத்துப் போட்டன. கடைசியில் அவள் கல்லூரி நிர்வாகமும் போட்டது. மேடையேற்றிச் சால்வை போர்த்தினார்கள். அப்புறம் ஆட்குறைப்பு வந்தபோது, யாரை வைத்துக்கொள்ளலாம் என்று அதே பெட்டியைத் திறந்து பார்த்தார்கள். விட்ஜெட்டே கதி என்று கிடந்தவள் கட்டுரை எங்கே எழுதினாள்? துறையிலேயே சின்ன எண் அவளுடையது.

சேதி வந்த அன்று அவள் அழவில்லை. நான்தான் பாத்ரூமில் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன்.

பிறகு பூந்தமல்லி தாண்டி இன்னொரு கல்லூரியில் நேர்காணல் கிடைத்தது. பைக்கில் கூட்டிப்போய் விட்டுவிட்டு எதிர் டீக்கடையில் உட்கார்ந்தேன். டீ ஆறுவதற்குள் திரும்பி வந்துவிட்டாள்.

"அவங்க தளத்துலயும் நம்ம பெட்டிதாங்க. என் பேரைத் தட்டிப் பாத்தாங்க. அவ்ளோதான்."

"நான்தான் எழுதினேன்னு சொல்ல வேண்டியதுதானே?" கத்தியே விட்டேன். கடைக்காரர் திரும்பிப் பார்த்தார்.

"சொல்லலாம்னுதான் வாயெடுத்தேன். அதுக்குள்ள துறைத் தலைவர் பாவப்பட்டு, 'ஏம்மா, இது தப்பா காட்டுதோ?'ன்னு கேட்டாரு" என்றாள். "இல்ல சார், சரியாத்தான் காட்டும்னு சொல்லிட்டு எழுந்து வந்துட்டேன்."