பின்கதவை மறைத்த சைக்கிள்

எங்கள் ஜீப்பின் பின்னால் சைக்கிள் மாட்டுவதற்கு இரும்புச் சட்டம் பொருத்தியது 1978இல், ஆனி மாதம். மனைவி ஆடி என்கிறாள். ஆடிக்காற்று இன்னும் தொடங்கவில்லை என்பது என் நினைவு. சட்டத்தில் தொங்கிய சைக்கிள் காற்றில் ஆடிக்கொண்டே வந்தது என்பது அவள் நினைவு. ஜீப் ஓடினால் எந்த மாதத்திலும் காற்று அடிக்கும் என்று சொல்லிப் பார்த்துவிட்டேன். அவள் மாதத்தை மாற்றுவதாக இல்லை. புளியமரங்கள் பூத்திருந்தன என்பதில் மட்டும் இருவருக்கும் சம்மதம்.

என் தகப்பனாருக்கு, நாங்கள் கூப்பிடும்படி அத்தாவுக்கு, புளி வியாபாரம். தருமபுரியில் மண்டி. எங்கோ ஏலத்தில் எடுத்த பழைய ஜீப் ஒன்று எங்களிடம் இருந்தது. தை, மாசியில் புளி மூட்டைகளை இழுத்துவர ஒரு சின்ன டிரெய்லர். அதைக் கோர்க்க ஜீப்பின் அடியில் ஒரு கொக்கி. மூட்டை வரத்து நின்றதும் டிரெய்லர் மண்டியின் பின்புறம் போய்விடும். கொக்கி மட்டும் அடுத்த தை வரை வெறுமனே துருத்திக்கொண்டு நிற்கும். மரம் பூக்கும் காலத்தில் அத்தா திங்கள்தோறும் பாப்பாரப்பட்டிப் பக்கம் போவார். மரத்தில் பூவைப் பார்த்தே குத்தகை பேசுவது அந்தத் தொழிலின் வழக்கம்.

எனக்குக் கல்யாணமாகி ஒரு வருடம்கூட ஆகவில்லை. மனைவிக்கு அரசாங்கப் பள்ளிக்கூடத்தில் வேலை கிடைத்தது. எங்கள் குடும்பத்தில் வேலைக்குப் போன முதல் பெண் அவள். பள்ளிக்கூடமோ பாப்பாரப்பட்டிச் சாலையிலிருந்து விலகி, ஓர் ஏரிக்கரையைத் தாண்டி உள்ளே இருந்தது. கரைமேல் நடக்கலாம், சைக்கிள் ஓட்டலாம், ஜீப் போகாது. ஊரிலேயே இன்னொரு டீச்சரோடு அறை எடுத்துத் தங்கினாள். சனிக்கிழமை பள்ளி விட்டு நடந்து சாலைக்கு வந்து சேர்வதற்குள் பஸ் போய்விடும். அதனால் மாதம் ஒருமுறைதான் வீட்டுக்கு வந்தாள்.

ஒரு மாதம் என்பது எவ்வளவு நீளம் என்று எனக்கு அப்போதுதான் தெரிந்தது. மண்டியில் தராசுத் தட்டுக்கு எதிரே உட்கார்ந்து புத்தகம் படிப்பேன். ஒரே பக்கத்தை மறுபடி மறுபடி படித்துக்கொண்டிருப்பேன். அலமாரியில் அவளுடைய சேலைகள் அடுக்கி வைத்தபடியே இருந்தன. அந்தக் கதவைத் திறந்து வைத்துவிட்டுத்தான் தூங்கினேன்.

அம்மா என்னிடம் நேராகச் சொல்லவில்லை. அத்தாவிடம் சொன்னார், எனக்குக் கேட்கும்படி. மாதம் ஒரு தரம் வர்ற மருமகளை விருந்தாளின்னுதான் சொல்லணும். வாரா வாரம் வர முடிஞ்சா வேலை பாக்கட்டும், இல்லாட்டி ரமலான் நோன்பு வர்றதுக்குள்ள வேலைய எழுதிக் குடுத்துட்டு வூட்டோட இருக்கட்டும். அத்தா மறுத்துப் பேசவில்லை. அவர் பேசாதிருந்தால் முடிவாகிவிட்டது என்று பொருள்.

இதை மனைவியிடம் சொன்னபோது அவள் அழவில்லை. "என் சைக்கிள் இருந்தா வந்துருவேனே" என்றாள்.

அவளுடைய அப்பா வீட்டில் வாங்கிக் கொடுத்த லேடீஸ் சைக்கிள் அது. முதலில் பஸ் கூரையில் போட்டு அனுப்பினோம். முன் ஃபோர்க் வளைந்து போய்ச் சேர்ந்தது. அதை நிமிர்த்திக் கொடுத்த பிறகு, சனிக்கிழமை சாலைவரை ஓட்டிவந்து, முனையிலிருந்த டீக்கடையில் விட்டுவிட்டு பஸ் ஏறினாள். திங்கட்கிழமை போனால் டைனமோவைக் காணோம். அடுத்த வாரம் காற்றடிக்கும் பம்பு போயிற்று. பிறகு நானே போய் சைக்கிளை வீட்டுக்கு ஓட்டிவந்துவிட்டேன். அவள் வருகை மறுபடி மாதத்துக்கு ஒன்றானது. சைக்கிள் அவளோடே போய் அவளோடே திரும்பினால்தான் சரிப்படும் என்று தெரிந்தது. அன்றைக்குத்தான் அந்தக் கொக்கி என் கண்ணில் பட்டது.

பழுப்புத் தாளில் படம் வரைந்தேன். கொக்கியை மாட்டியிருக்கும் துளைகளிலேயே ஒரு தடித்த பட்டை, அதிலிருந்து நிமிர்ந்து நிற்கும் ஒரு குழாய், குழாயின் உச்சியில் சைக்கிளைத் தாங்க இரண்டு கைகள். கிரில் கதவு செய்யும் வெல்டர் ஒருவரிடம் கொண்டுபோனோம். அவர் சைக்கிளைப் பார்த்துவிட்டுத் தாளைத் திருப்பிக் கொடுத்தார். ஆண்கள் சைக்கிள் என்றால் நடுக்கம்பியில் மாட்டிவிடலாம், இதில் கம்பியே இல்லையே, எங்கே மாட்டுவது என்றார். அத்தாதான் யோசனை சொன்னார். சீட்டுக்கும் ஹேண்டில்பாருக்கும் இடையில் ஒரு குழாயைக் குறுக்கே கட்டினோம். கைகளுக்குப் பழைய டியூபைச் சுற்றினோம். சைலன்சர் சூட்டில் டயர் வேகாமலிருக்க உயரத்தைக் கூட்டினோம். பட்டை ஆடியது. இடைவெளியில் புளியங்கட்டையைச் சீவி ஆப்பு அடித்தோம். நம்பர் பலகை மறைந்தது. அதையும் கழற்றிச் சட்டத்திலேயே பூட்டினோம். எதையும் விட்டுவிடவில்லை என்று மூவரும் நினைத்தோம். சுற்றி நின்று டீ குடித்தோம். வெல்டர் சட்டத்தைப் பிடித்துத் தொங்கிக் காட்டினார்.

திங்கட்கிழமை காலை அம்மாவும் வருவதாகச் சொன்னார். மருமகள் எந்தக் காட்டில் போய் உட்கார்ந்திருக்கிறாள் என்று பார்க்க வேண்டுமாம். எங்கள் வீட்டில் பெண்கள் எப்போதும் ஜீப்பின் பின்பக்கம்தான். படுதாவை இறக்கிவிட்டு, பின்கதவைச் சாய்த்து ஏற்றி, கதவை மேலே தூக்கிக் கொண்டி போடுவோம். அப்படியே இருவரையும் ஏற்றினோம். கொண்டி போட்டோம். சட்டத்தை வைத்து நட்டுகளை முறுக்கினோம். சைக்கிளைத் தூக்கி மாட்டிக் கயிற்றால் கட்டினோம். அத்தா ஓட்டினார், நான் முன்னால் அவர் பக்கத்தில். ஸ்பானர் வாசற்படியில் கிடந்தது. அது அப்போது எங்கள் யாருக்கும் தெரியாது.

வழியெல்லாம் நான் திரும்பித் திரும்பிப் படுதா இடுக்கு வழியே சைக்கிளைத்தான் பார்த்தேன். அது அசையவே இல்லை. ஏரிக்கரை பிரியும் இடத்தில் நிறுத்தினோம். சைக்கிளை அவிழ்த்து இறக்கினேன். பின்கதவைச் சாய்க்கப் போனேன். சட்டத்துக் குழாயில் இடித்து நின்றது. ஒரு கை அகலம்கூடத் திறக்கவில்லை.

அத்தா இறங்கி வந்தார். குழாயைப் பார்த்தார், கதவைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். சட்டம் செய்த எங்கள் மூவரில் ஒருவர்கூட அந்த ஜீப்பின் பின்பக்கம் ஏறி ஒரு பயணம் போனதில்லை. அதனால் அது ஒரு வாசல் என்பதே எங்கள் கணக்கில் வரவில்லை.

உள்ளிருந்து அம்மா கேட்டார். "என்னங்க, எங்கள எறக்கி விடுவீங்களா, இல்ல புளியோட மண்டியில எறக்குவீங்களா?"

சட்டத்தைக் கழற்றினால் கதவு திறக்கும், ஆனால் ஸ்பானரைக் காணோம். அத்தா அதைத் தேடுவதுபோல சீட்டுக்கு அடியில் குனிந்தே இருந்தார்.

மனைவிக்குப் பள்ளி மணி அடிக்கும் நேரம். படுதாவை விலக்கி, பின்கதவின் மேல் காலை வைத்து, என் தோளைப் பிடித்துக்கொண்டு குதித்துவிட்டாள். குதித்த பிறகும் அவள் கை ஒரு கணம் என் தோளிலேயே இருந்தது. அம்மாவால் குதிக்க முடியாது. முன் சீட்டின் மேலே ஏறிவரச் சொன்னதற்கு, இந்த வயசுல அந்தக் கூத்து வேறயா என்று மறுத்துவிட்டார். நான் படுதாவை மேலே சுருட்டிக் கட்டினேன். அம்மா கதவின் மேல் கையை ஊன்றி உட்கார்ந்தார்.

"வர்றேங்க மாமி" என்றாள் மனைவி. முக்காட்டை இறுக்கிச் செருகிக்கொண்டு சைக்கிளில் ஏறினாள்.

ஏரிக்கரை நேராகப் போகும் கரை. அவள் பாதி தூரம் போகும்வரை அம்மா பார்த்துக்கொண்டே இருந்தார். தண்ணீர் ஒரு பக்கம், வயல் ஒரு பக்கம், நடுவில் நீலச் சேலை. எதிரே தலையில் புல்கட்டோடு வந்த ஒருவர் கரையோரம் ஒதுங்கி நின்று வழிவிட்டார். டீச்சருக்கு வணக்கம் சொல்லியிருக்க வேண்டும், அவள் ஒரு கையை எடுத்து நெஞ்சில் வைத்தாள்.

"ஒத்தக் கையில ஓட்டுறா" என்றார் அம்மா.

அவள் புள்ளியாகி மறைந்தாள். பிறகு அம்மா என்னிடம் சொன்னார்: "அடுத்த வாரம் நானும் அவளும் முன்னால உக்காந்துக்கறோம். நீ பின்னால உக்காரு. அடைச்சு வச்சா எப்படி இருக்குதுன்னு நீயும் பாரு."

அன்று அவர் வீடு வந்துதான் இறங்கினார். மாலைக்குள் வெல்டருக்குச் செய்தி போய், சட்டத்துக்குக் கீல் வைத்துத் திறக்கும்படி மாற்றித் தருகிறேன் என்று வந்து நின்றார். அம்மா உள்ளிருந்தே சொல்லி அனுப்பினார், இருக்கிறபடியே இருக்கட்டுமாம். நோன்பு வந்தது, போனது. எழுதிக் கொடுக்கும் பேச்சை அதன் பிறகு வீட்டில் யாரும் எடுக்கவில்லை. தை மாதம் கொக்கிக்கு டிரெய்லரும் போட்டியாக வந்தபோது, அத்தா திங்கட்கிழமை மூட்டை ஏற்றுவதைச் செவ்வாய்க்குத் தள்ளிக்கொண்டார்.

சனிக்கிழமைகளில் நான் தனியாகப் போய் அவளையும் சைக்கிளையும் கூட்டிவருவேன். அந்த மாலைகளைவிட எனக்கு நினைவில் தங்கியவை திங்கட்கிழமைகள்தான். அத்தாவும் அம்மாவும் அவளும் முன்னால். பின்னால் நானும் புளிவாசனையும். எனக்கு முன்னால் சைக்கிள் சக்கரம், அதன் கம்பிகளுக்கு நடுவே பின்னோக்கி ஓடும் சாலை. முன்னால் அவர்கள் ஏதோ பேசிச் சிரிப்பார்கள். ஜீப் சத்தத்தில் சிரிப்பு மட்டும் வந்து சேரும். பிரிவு முனையில் அவளை இறக்கிவிட்டு ஜீப் கிளம்பும்போது நான் ஒருவன்தான் அவள் பக்கம் முகம் வைத்து உட்கார்ந்திருப்பேன். முன்னால் உட்காருகிறவர்களுக்கு ஒரு முறை திரும்பிப் பார்க்கலாம், அவ்வளவுதான். எனக்கு வளைவு வரும்வரை அவள் தெரிவாள்.

இரண்டாண்டுகள் கழித்துத் தருமபுரிக்கே மாற்றல் கிடைத்தது. வீட்டிலிருந்து நடந்து போகும் தூரத்தில் பள்ளிக்கூடம். நான் வேண்டிக்கொண்டிருந்ததெல்லாம் அதுதான். சட்டத்தைக் கழற்றி டிரெய்லர் பக்கத்தில் சாய்த்து வைத்தோம்.

அடுத்த திங்கட்கிழமை அத்தா பூப் பார்க்கக் கிளம்பினார். அம்மா செருப்பை மாட்டிக்கொண்டு வந்து முன் சீட்டில் ஏறி உட்கார்ந்தார். எங்கே என்று அத்தா கேட்கவில்லை. அம்மாவுக்குப் பக்கத்தில் இடம் இருந்தது. நான் பின்கதவைச் சாய்த்து ஏறிப் பின்னால் போய் உட்கார்ந்தேன். கதவு தடையில்லாமல் திறந்தது. ஏரிக்கரை பிரியும் இடத்தில் அத்தாவின் கால் தானாகவே பிரேக்கில் விழுந்தது. ஜீப் நின்றது. யாரும் இறங்கவில்லை. தருமபுரியில் அவள் அந்நேரம் வகுப்பில் இருந்திருப்பாள், மாலை நான் வீடு திரும்பும்போது வீட்டில் இருப்பாள். ஜீப் மறுபடி நகர்ந்தது. வளைவு வரும்வரை நான் வெறும் கரையைப் பார்த்துக்கொண்டே போனேன்.