அம்மா டிவியில் வந்த நாள்

எங்கள் அம்மா டிவியில் வந்திருக்கிறாள். சொன்னால் யாரும் நம்புவதில்லை. வந்தது மொத்தம் மூன்று நொடி. அந்த மூன்று நொடியையும் நாங்கள் ஒழுங்காகப் பார்க்கவில்லை, அது எங்கள் தெருவின் லட்சணம்.

அப்போது நான் மூன்றாம் வகுப்பு. சின்ன காஞ்சிபுரத்தில் எங்கள் தெருவில் வீட்டுக்கு ஒரு தறியாவது ஓடும். அக்கா வீட்டை விட்டுப் போய் ஒரு வருஷம் ஆகியிருந்தது. கருடசேவை பார்க்கப் போகிறேன் என்று கிளம்பியவள், கூடப் படித்த பையனோடு போய்விட்டாள். "அவ பேரு இந்த வூட்ல வரக்கூடாது" என்று அப்பா ஒரே ஒரு தடவைதான் சொன்னார். இன்னொரு தடவை சொல்ல அவசியமே வரவில்லை. நான்தான் ஒருநாள் வாய் தவறி "அக்காவோட சீப்பு" என்று சொல்லி முதுகில் வாங்கிக்கொண்டேன்.

அம்மா வந்த அந்தச் சீரியல் அக்கா இருக்கும்போதே ஆரம்பித்தது. ராஜா காலத்துக் கதை. ஒரு ராணி, அவளுக்கு ஒரே மகள். உண்மையைச் சொன்னால் மகா மட்டமான சீரியல். அரண்மனைத் தூணில் யாராவது சாய்ந்தால் தூண் ஆடும். ராணி ஒரே படிக்கட்டில் நின்று ஒரு வாரம் பேசுவாள். ஆனால் அக்காவை அந்த அரை மணி நேரம் டிவி முன்னாலிருந்து கிளப்ப முடியாது. அவள் போன பிறகு அம்மா அதே இடத்தில் உட்கார்ந்து பார்க்க ஆரம்பித்தாள். எங்கே இருந்தாலும் பெரியவள் இந்நேரம் இதைத்தான் பார்த்துக்கொண்டிருப்பாள் என்பது அம்மாவின் நம்பிக்கை. இதை அவள் என்னிடம் சொன்னது பல வருஷம் கழித்து. அன்றைக்கு அம்மாவுக்கு சீரியல் பைத்தியம் பிடித்துவிட்டது என்று அப்பாவோடு சேர்ந்து நானும் சிரித்தேன்.

அந்தச் சீரியல்காரர்களே எங்கள் பக்கம் வந்தார்கள். வாலாஜாபாத் போகும் வழியில் ஒரு பழைய மண்டபத்தில் படப்பிடிப்பு. இளவரசியைக் கட்டிக்கொடுத்து அனுப்பும் காட்சிக்கு, சொந்தப் பட்டுப்புடவையோடு பெண்கள் வேண்டுமாம். ரேஷன் கார்டுக்கு போட்டோ எடுக்கவே தலையைக் குனிந்துகொண்ட அம்மா, முதல் ஆளாகப் பேர் கொடுத்தாள். "போய்த் தொல" என்றார் அப்பா.

அம்மா பீரோவின் அடித்தட்டிலிருந்து கிளிப்பச்சைப் புடவையை எடுத்தாள். அரக்குக் கரை. அக்கா கல்யாணத்துக்கென்று அப்பா நெய்தது. தறியில் அவர் பக்கத்தில் உட்கார்ந்து, கரை நூல் ஓடும் நாடாவைத் தள்ளியவளும் அக்காதான். அதுவரை அதன் மடிப்பை யாரும் கலைத்ததில்லை. "அப்பா திட்டும்மா" என்றேன். "நீ வாய மூடிக்கினு வா" என்று என்னையும் இழுத்துக்கொண்டு போனாள்.

மண்டபத்தில் தொப்பி போட்ட ஒரு பையன் எல்லோரையும் வரிசையாகச் சோதித்தான். "அந்தக் காலத்துல ஏதும்மா சேஃப்டி பின்னு? கழட்டுங்க." கழற்றினார்கள். யாரும் கேமராவைப் பார்க்கக்கூடாது என்று நூறு தடவை சொன்னான். எல்லோரும் இளவரசியைப் பார்த்தார்கள், அம்மா மட்டும் கேமராவைப் பார்த்தாள். "பச்சைப் புடவைம்மா, இங்க பாக்காதீங்க." மூன்று தடவை அவளால் நிறுத்தினார்கள். எனக்கு மானம் போனது. நாலாவது தடவையும் பார்த்தாள். வெளிச்சம் போகிறது என்று அப்படியே விட்டுவிட்டார்கள்.

பஸ்ஸில், "ஏம்மா அதையே பாத்துக்கினு இருந்த?" என்று அழாத குறையாகக் கேட்டேன். "பாக்கணும்போல இருந்துது" என்றாள்.

மூன்று வாரம் கழித்து அந்தக் காட்சி வந்தது. எங்கள் வீட்டில் கால் வைக்க இடமில்லை. இளவரசி பல்லக்கில் ஏறினாள், மேளம் கொட்டியது, ராணி படிக்கட்டில் நின்றாள். "பெத்த பொண்ண அனுப்புறா, கண்ணுல ஒரு சொட்டு தண்ணி வருதா பாரு" என்று எதிர்வீட்டு அத்தை ஆரம்பித்தார். அதற்குள் திரையில் கிளிப்பச்சை தெரிந்தது.

அவ்வளவுதான். தறிக்காரர்கள் கண் எங்கே போகும்? கரைக்குப் போனது. "நம்மூரு தறிதான் இது. கோர்வ எவ்ளோ சுத்தமா சேந்துருக்குது பாருங்க" என்றார் ஒருவர். ஜரிகை ஒரிஜினலா என்று இன்னொருவர். உடலும் கரையும் சேருகிற அந்தக் கோட்டையே எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்க, திரையில் மறுபடி பல்லக்கு வந்துவிட்டது. "எங்கமா, நீ எங்க வந்த?" என்று அம்மாவைத் திரும்பிக் கேட்டார்கள். நான் திரை ஓரத்தில் என் ரிப்பனாவது தெரிகிறதா என்று தேடிக்கொண்டிருந்தேன். அம்மா முகத்தை ஒருத்தரும் பார்க்கவில்லை. அப்பா மட்டும் எழுந்துபோய்த் தறிக்குழியில் இறங்கி உட்கார்ந்தார். தறிச் சத்தம் வரவில்லை.

அப்போது போன் அடித்தது. போன் எடுப்பது அந்த வீட்டில் என் உத்தியோகம். ஹலோ என்றேன். யாரும் பேசவில்லை. எங்கள் டிவியில் கொட்டுகிற அதே மேளம் போனுக்குள்ளும் கொட்டியது. நாலு தடவை ஹலோ சொல்லிப் பார்த்து வைத்துவிட்டேன்.

"யாரு?" என்று அப்பா குழியிலிருந்தே கேட்டார்.

"யாரும் பேசலப்பா. நம்ம டிவி சத்தமே போன்ல கேக்குது."

அம்மா கூட்டத்தைத் தாண்டி வந்து என் தோளைப் பிடித்தாள். "வேற இன்னா கேட்டுச்சு?"

"மேளம் கேட்டுச்சு. அப்பறம் ராணி அழுவுற சத்தம்."

"வெச்சிட்டியாடி?"

"யாரும் பேசலயேம்மா."

அம்மா ரிசீவரை எடுத்துக் காதில் வைத்துக்கொண்டு நின்றாள். கட்டான போனில் என்ன கேட்கிறாள் என்று எனக்குச் சிரிப்பு வந்தது. அந்த மாதிரிப் போன் அதற்குப் பிறகு வரவேயில்லை. அம்மா என்னை ஒரு வார்த்தை திட்டியதில்லை. திட்டியிருக்கலாம் என்று இன்றைக்கும் நினைக்கிறேன்.

எனக்கு எட்டு வயது. காதில் கேட்டதைச் சொன்னேன். என் முதுகுக்குப் பின்னால் எதிர்வீட்டு அத்தை, ராணி கண்ணில் ஒரு சொட்டுத் தண்ணீர் வரவில்லை என்று அப்போதும் திட்டிக்கொண்டுதான் இருந்தார்.