அரிசி ஊறிக்கொண்டிருந்தது

போன வருஷம் மே மாதக் கடைசி. மழை இன்னும் இறங்கவில்லை. தாராவியில் எங்கள் கட்டடத்துக்குக் கீழே சும்மா நின்றாலே சட்டை முதுகில் ஒட்டிக்கொள்ளும். அந்தச் சனிக்கிழமை காலை பதினொரு மணிக்கு, ஒரு பழைய நூறு சி.சி. பைக்கின் முன்னால் ஸ்பானரோடு உட்கார்ந்தேன். மதியச் சாப்பாட்டுக்குள் எழுந்துவிடலாம் என்பது என் கணக்கு.

நான் மெக்கானிக்கல் இன்ஜினீயரிங் படித்தவள். விக்ரோலியில் ஒரு தொழிற்சாலையில் தரப் பரிசோதனைப் பிரிவில் வேலை. அங்கே நான் தொடுவதெல்லாம் அளவுக் கருவிகளும் கம்ப்யூட்டரும்தான். கையில் கிரீஸ் படாமல் எனக்குத் தூக்கம் வராது. அதனால் கட்டடத்தில் யார் வீட்டு மிக்ஸி, யாருடைய ஸ்கூட்டர் என்று பார்க்காமல் கழற்றிப் போடுவேன். 'நல்லா கழட்டுவா. மாட்டுவாளான்னு தெரியாது' என்பது என் அண்ணன் எனக்குச் செய்யும் இலவச விளம்பரம்.

பைக் என்னுடையது இல்லை. தரைத்தளத்து இட்லிக்கார அண்ணாச்சியுடையது. தினமும் விடிவதற்கு முன் இட்லி நிறைந்த பெரிய எவர்சில்வர் டிரம்மைப் பின்னால் கட்டிக்கொண்டு, ரப்பர் ஹாரனை 'பாம் பாம்' என்று அமுக்கியபடி மாட்டுங்கா, வடாலா சந்துகளில் ஒரு சுற்று போய் வருவார். முன்பு சைக்கிளில்தான் போனார். ஒரு விபத்தில் கணுக்காலில் பிளேட் வைத்த பிறகு பெடல் மிதிக்க முடியாது. பைக் இல்லையென்றால் வியாபாரம் இல்லை.

எஞ்சினையும் சைலன்சர் குழாயையும் சேர்த்துப் பிடிக்கும் இரண்டு போல்ட்டுகள் துருப்பிடித்து, இடையில் புகை கசிந்து, வண்டி பட்டாசு மாதிரி வெடித்துக்கொண்டிருந்தது. வடாலாவில் ஒரு குடியிருப்பின் வாட்ச்மேன், "இந்தச் சத்தத்தோட திங்கக்கிழமை வந்தா கேட்டைத் திறக்க மாட்டேன்" என்று சொல்லிவிட்டாராம்.

"ஏ பிள்ள, மெக்கானிக்கிட்ட விட்டா மூணு நாளுங்கான். நாளைக்கு ஞாயித்துக்கிழமை, எனக்கு லீவு. திங்கக்கிழமை காலைல அஞ்சு மணிக்கு வண்டி வேணும். முடியுமா, முடியாதா? சட்டுன்னு சொல்லு."

"ரெண்டு போல்ட்டுதானே அண்ணாச்சி. ரெண்டே மணி நேரம்."

அவர் மனைவி, நான் மைனி என்று கூப்பிடுகிறவர், வாசலில் நின்று, "இந்தச் சின்னப் பிள்ளைகிட்ட வண்டியக் குடுக்கீயளே" என்றார்.

"ஏன், அவ பாத்துக் குடுத்த உன் மிக்ஸி ஓடுதுல்லா?"

அந்த ஒரு வார்த்தையில் எனக்குத் தலை கால் புரியவில்லை. முதன்முறையாக ஒருவர் தன் பிழைப்பையே நம்பி என் கையில் தந்திருக்கிறார்.

துருப்பிடித்த போல்ட்டை எப்படி எடுப்பது என்று முந்தின நாளே ஒரு வீடியோ பார்த்திருந்தேன், ஒன்றரை மடங்கு வேகத்தில். எண்ணெய் விடு, காத்திரு, சூடாக்கு, மெழுகு வை, மறுபடி காத்திரு என்று அதில் வரும். 'காத்திரு' வந்த இடங்களையெல்லாம் தள்ளிவிட்டேன்.

முதல் போல்ட் தலை உடைந்தது. ஆனால் கொஞ்சம் வெளியே நீட்டிக்கொண்டிருந்ததால் குறடால் பிடித்து ஒரே திருகில் எடுத்துவிட்டேன். உடனே போட்டோ எடுத்துத் தோழிகளுக்கு அனுப்பினேன். அந்த வெற்றிதான் என்னைக் கெடுத்தது. இரண்டாவது போல்ட், எஞ்சின் மட்டத்தோடு உடைந்து உள்ளேயே நின்றுவிட்டது. சரி, இதற்கும் வழி உண்டு. உடைந்த போல்ட்டின் நடுவில் துளை போட்டு, எதிர்த்திசையில் மரை வெட்டிய ஒரு குட்டிக் கருவியை அதில் இறக்கித் திருகினால், போல்ட் அதோடு சேர்ந்து வெளியே வரும். எக்ஸ்ட்ராக்டர் என்பார்கள். இறக்கினேன். இறுகியது. கை போதும் என்றது. நான் இன்னும் கால் சுற்று என்றேன்.

'டிக்' என்று ஒரு சத்தம். எக்ஸ்ட்ராக்டரின் நுனியும் உள்ளே உடைந்துவிட்டது. பூட்டைத் திறக்கப் போய்ச் சாவியை உள்ளே உடைத்த கதை. அந்த நுனி, என்னிடமிருந்த எந்த டிரில் பிட்டையும்விடக் கடினமானது. எதை வைத்தும் அதைத் துளைக்க முடியாது.

வேறு வழியில்லாமல், எஞ்சினின் மேல்பகுதியான, அந்தப் போல்ட் சிக்கியிருந்த சிலிண்டர் ஹெட்டையே கழற்றினேன், யாரிடமாவது எடுத்துப் போய்க் காட்டலாம் என்று. அண்ணாச்சி எட்டிப் பார்த்தார். எஞ்சின் திறந்து கிடப்பதைப் பார்த்து, "என்ன பிள்ள இது?" என்றார்.

"உள்ளேயும் க்ளீன் பண்ணிடறேன் அண்ணாச்சி."

"பாத்தியா, கேக்காமலே செய்யுது" என்று மைனியிடம் சொல்லிவிட்டுப் போனார். அப்படிப் புகழ்ந்ததற்குப் பதில் அவர் என்னைத் திட்டியிருக்கலாம்.

மாலையில் குர்லாவில் நான்கு மெக்கானிக்குகளிடம் போனேன். எல்லோரும் ஒரே பாட்டு: "நயா ஹெட் டாலோ." புதிய ஹெட் போடவேண்டும், ஆனால் இந்த மாடலுக்கு இப்போது கிடைக்காது, சொல்லி வைத்தால் பத்து நாள் ஆகும். திரும்ப மாட்டத் தேவையான, கசிவைத் தடுக்கும் கேஸ்கெட்டும் போல்ட்டும் மட்டும் கிடைத்தன. ஒருவர் துளையைப் பார்த்துவிட்டு, "யார் செஞ்ச வேலை இது?" என்று கேட்டார். யாரோ ஒரு மெக்கானிக் என்றேன். "அவன் கையை ஒடிக்கணும்" என்றார். ஆமாம் என்று தலையாட்டினேன்.

ஞாயிறு காலை, கூட வேலை செய்பவர் சொன்ன ஒரு பட்டறையைத் தேடிக் கோவண்டிக்குப் போனேன். அவர்களிடம் இதை மின்பொறியால் எரித்து எடுக்கும் மெஷின் இருந்தது. அதை ஓட்டுகிறவர்தான் இல்லை. ஊருக்குப் போயிருக்கிறார், வியாழக்கிழமை வருவார்.

கோவண்டி ஸ்டேஷனுக்குத் திரும்பி வந்தால் மெகா பிளாக். தண்டவாளப் பராமரிப்பு, ரயில்கள் தாமதம். பெண்கள் பெட்டி நிற்கும் இடத்துக்கு நேரே பெஞ்சில், ஹெட் இருந்த துணிப்பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். போன் அடித்தது. அம்மா.

"ஏட்டி, கீழ வீட்டு மைனி வந்து நிக்கா. அரிசி ஊறப் போடலாமான்னு கேக்கா. நாளைக்கு வண்டி ஓடும்லா?"

இட்லி வியாபாரம் செய்யும் வீட்டில் இந்தக் கேள்விக்கு என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியும். காலையில் ஊறப் போட்டால் சாயங்காலம் நாலு மணிக்கு அரைக்க வேண்டும். அரைத்தால் விடியும்முன் அவிக்க வேண்டும். பத்து கிலோ அரிசி நனைந்துவிட்டால் பிறகு அதை நிறுத்த முடியாது. வேண்டாம் என்று சொல்ல அதுதான் கடைசி நேரம்.

"போடச் சொல்லும்மா" என்றேன்.

ஏன் சொன்னேன் என்று இன்றுவரை தெரியவில்லை. போனை வைத்ததும் அழுகை வந்துவிட்டது.

பக்கத்தில் ஒரு பெண் உட்கார்ந்திருந்தார். முப்பத்தைந்து வயது இருக்கும். மடியில் டிபன் பை, நகக்கண்களில் சுண்ணாம்பு மாதிரி வெள்ளை. கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, தமிழிலேயே கேட்டார்.

"ஊறப் போடச் சொல்லிட்டு ஏம்மா அழுவுறே? உளுந்து இல்லியா?"

அழுகையோடு சிரிப்பும் வந்துவிட்டது. பையைத் திறந்து காட்டி எல்லாவற்றையும் சொன்னேன். சொந்த வீட்டில் சொல்லாததையெல்லாம் சொன்னேன். அவர் போன் டார்ச்சைப் போட்டு, ஒரு கண்ணை மூடிக்கொண்டு, துளைக்குள் எட்டிப் பார்த்தார்.

"வேர் உள்ளயே நிக்குது."

"நீங்க மெக்கானிக்கா அக்கா?"

"சே சே. நான் பல்லு செய்யறேன்."

செம்பூரில் ஒரு பல் லேபில் வேலையாம். டாக்டர்கள் அனுப்பும் அச்சை வைத்துப் பல்செட்டும், பல்லுக்கு மேல் மாட்டும் உலோகத் தொப்பியும் செய்யும் இடம். "நாங்க தேய்க்கிற மெட்டல் எவ்ளோ கெட்டி தெரியுமா? அதைத் தேய்க்கிற பர், இதையும் தேய்க்கும்னு தோணுது. சத்தியம் எல்லாம் பண்ண மாட்டேன். வா, பாக்கலாம்." பர் என்பது பல் டாக்டர் நம் வாயில் விட்டு 'கிர்ர்' என்று சுற்றுவாரே, அந்தக் குட்டித் தேய்ப்பான்.

"இன்னிக்கு லீவு இல்லையா உங்களுக்கு?"

"ஒரு கல்யாண மாப்பிள்ளையோட அப்பாவுக்குப் பல்செட்டு. சாயங்காலம் ரிசப்ஷன். பல்லில்லாம போட்டோவுக்கு நிப்பாரா?"

ஒருவழியாக ரயில் வந்தது. அடுத்த ஸ்டேஷன் செம்பூர்.

மாடியில் ஒற்றை அறை லேப். அலமாரி முழுக்க வெள்ளைத் தாடைகள் வரிசையாக வாயைத் திறந்து என்னைப் பார்த்துச் சிரித்தன. அக்கா முதலில் தன் வேலையைப் பார்த்தார். பல்செட் இருந்த இரும்பு அச்சை, கொதிக்கும் தண்ணீரில் இறக்கினார். "இது வேக ஒன்றரை மணி நேரம். அதுவரைக்கும் உன் வேலை."

தேய்ந்து தூக்கிப் போட வேண்டிய பர்களை அவர் ஒரு பவுடர் டப்பாவில் சேர்த்து வைத்திருந்தார். சுழலும் கைக்கருவியில் ஒன்றை மாட்டி, தையல் மெஷின் மாதிரி காலால் அமுக்கி ஓட்டினார். ஐந்து விநாடி தேய்ப்பார். நிறுத்துவார். ஒரு சொட்டுத் தண்ணீர் விடுவார். எட்டிப் பார்ப்பார். மறுபடி ஐந்து விநாடி. எனக்கோ பொறுக்கவில்லை.

"அக்கா, கொஞ்சம் அழுத்துங்களேன்."

அவர் நிமிரவே இல்லை. "ஏம்மா, நீ அழுத்தித்தானே இது உள்ள போச்சு?"

தண்ணீர்க் கிண்ணத்தை அவர் பக்கம் நகர்த்தி வைத்தேன். ஏழு பர்கள் மொட்டையாகின. எட்டாவதில் ஏதோ அசைந்தது. அக்கா இடுக்கியை விட்டு, உடைந்த நுனியை எடுத்து என் உள்ளங்கையில் வைத்தார். ஒரு அரிசி அளவுகூட இல்லை. இதற்காகவா ஒரு ராத்திரி தூங்காமல் இருந்தேன்!

ஆனால் போல்ட் இன்னும் உள்ளேதான் இருந்தது. மேசையில் கேஸ் பர்னர், பக்கத்தில் பல்செட்டுக்கு உருவம் பிடிக்கும் ரோஸ் நிற மெழுகு. அதைப் பார்த்ததும் நான் தள்ளித் தள்ளிப் பார்த்த வீடியோ ஞாபகம் வந்தது. அலுமினியத்தைச் சூடாக்கினால் துளை சற்று விரியும். அப்போது மெழுகை அங்கே வைத்தால் அது உருகி மரைக்குள் இறங்கி வழுக்கிக் கொடுக்கும்.

சொன்னேன். அக்காவுக்கு யோசனை பிடித்துவிட்டது. ஹெட்டைச் சூடாக்கி மெழுகை வைத்ததும், தாகத்தோடு குடிப்பதுபோல் துளை அதை உள்ளே இழுத்துக்கொண்டது. "இப்ப?" என்றார்.

"இப்ப காத்திருக்கணும்" என்றேன். நான்தான் சொன்னேன்!

என் பையிலிருந்த பழைய ஆலன் கீயின் முனையை அவர் தேய்த்துக் கூராக்கித் தந்தார். அதைப் போல்ட்டின் நடுவில் இருந்த துளையில் மெதுவாகத் தட்டி இறக்கினேன். "நீங்களே திருப்புங்க அக்கா, என் கை நடுங்குது."

"அதனாலதான் சொல்றேன், நீயே திருப்பு. நடுங்குற கை அழுத்தாது."

முடியளவு முன்னால், முடியளவு பின்னால். ஒரு முனகல் சத்தம். பிறகு அது சுற்ற ஆரம்பித்தது. சுற்றிச் சுற்றி, மெழுகு பூசிக்கொண்டு, உடைந்த போல்ட் வெளியே வந்தது. நாங்கள் இருவரும் கத்திய கத்தலில் கீழ்க்கடைக்காரர் மாடிப்படியில் வந்து எட்டிப் பார்த்தார்.

கிளம்பும்போது எப்படி நன்றி சொல்வதென்று தெரியாமல் நின்றேன். அவர் பல்செட் அச்சைத் தண்ணீரிலிருந்து எடுத்துக்கொண்டிருந்தார். "போ போ, அரிசி ஊறிட்டிருக்கு. அடுத்த வாரம் இட்லி கொண்டா. சட்னி தனியா."

நாலு மணிக்கு நான் ஹெட்டை மாட்டிக்கொண்டிருந்தபோது கீழ் வீட்டில் கிரைண்டர் ஓட ஆரம்பித்தது. அந்தச் சத்தத்தைக் கேட்டபடியே ஒவ்வொரு நட்டையும் இரண்டு முறை சரிபார்த்தேன். ஐந்தரை மணிக்குக் கிக்கரை உதைத்தேன். வண்டி பூனை மாதிரி மெல்ல உறுமியது. ஒரு துளிக் கசிவு இல்லை.

அண்ணாச்சிக்கு ஒரே சந்தோஷம். அத்தோடு வாயை மூடிக்கொண்டு மாடிக்குப் போயிருக்கலாம். ஆனால் பாக்கெட்டில் அந்த உடைந்த போல்ட் குத்திக்கொண்டே இருந்தது. எடுத்து அவர் கையில் வைத்து, நடந்ததையெல்லாம் சொன்னேன்.

அவர் முகம் மாறியது. "போல்ட்டு ஒடையத்தான் செய்யும், அதுக்கு ஒண்ணும் சொல்லல. நேத்தே சொல்லிருந்தா மச்சான் டெம்போவையாவது கேட்டு வச்சிருப்பேன்லா? நீ சொல்லாம இருந்தா எனக்கு என்ன வழி இருக்கு, சொல்லு."

மைனி மாவுக் கையோடு நின்று, "நீ சொன்னன்னுதான் ஊறப் போட்டேன்" என்றார். அவ்வளவுதான். திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

மறுநாள் விடிகாலையில் விழித்துப் படுத்திருந்தேன். கீழே வண்டி சத்தமில்லாமல் கிளம்பியது. எங்கள் ஜன்னலுக்கு நேராக வந்ததும் 'பாம் பாம்' என்று இரண்டு முறை ஹாரன். அங்கே இட்லி வாங்க யாரும் இல்லை. எனக்குத்தான் அடித்தார் என்று வைத்துக்கொண்டேன்.

அடுத்த சனிக்கிழமை அண்ணாச்சியே அறுபது இட்லியைக் கட்டிக் கொடுத்தார், சட்னி தனியாக. லேபில் எல்லோரும் தாடைகளை ஒதுக்கி வைத்துவிட்டுச் சாப்பிட்டார்கள். வரும்போது அக்கா அந்தப் பவுடர் டப்பாவை என்னிடம் தந்தார். "வச்சுக்கோ. நீ சும்மா இருக்கற ஆளு இல்ல." போன மாதம் அண்ணாச்சி, "பின் பிரேக்கு கீச்சுங்கு. எவ்வளவு நேரமாகும் பிள்ள?" என்று கேட்டார். "கழட்டிப் பாத்துட்டுச் சொல்றேன் அண்ணாச்சி" என்றேன். அவர் சிரித்தார்.

இப்போதெல்லாம் ரயிலிலோ பிளாட்பாரத்திலோ, மடியில் ஒரு பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு முகத்தைத் திருப்பியிருக்கும் யாரையாவது பார்த்தால் நான் போனை உள்ளே வைத்துவிடுகிறேன். அவர்களுக்கு உதவ எனக்குத் தெரியுமோ தெரியாதோ, அன்று உளுந்து இல்லையா என்று கேட்ட ஒரு குரல் என்னைக் காப்பாற்றியதுபோல, நானும் ஏதாவது ஒன்றைக் கேட்டுவிடுகிறேன்.