காலரில் ஊசி குத்திய டிரைவர்

கடைசி நிறுத்தத்தில் பஸ்ஸை நிறுத்தி எஞ்சினை அணைத்ததும் டிரைவர் முதலில் செய்வது கழுத்தைத் தடவுவதுதான். கழுத்துவலி போலிருக்கிறது, பாவம், என்று புதிதாக ஏறுகிறவர்கள் இரக்கப்படுவார்கள். வலியாவது ஒன்றாவது! யூனிஃபார்ம் சட்டையின் காலருக்கு அடியில் ஓர் ஊசியைக் குத்தி வைத்திருக்கிறார், அதைத் தேடுகிறார். ஊசி கைக்கு வந்துவிட்டால் அப்புறம் அவர் டிரைவர் இல்லை. ஸ்டியரிங்கின் மேல் ஒரு துண்டை விரித்துவிட்டு, சீட்டுக்கு அடியிலிருந்து பிஸ்கட் டப்பாவை எடுப்பார். பிஸ்கட் இருக்கும் என்று எட்டிப் பார்த்து ஏமாந்தவர்களில் நானும் ஒருத்தி. உள்ளே அத்தனையும் பழந்துணித் துண்டுகள்.

அந்தக் கடைசி நிறுத்தத்துக்கு எதிரே இருக்கும் நூலகத்தில் நான் வேலை பார்க்கிறேன். தினமும் டிரைவருக்குப் பின்னால் இருக்கிற ஒற்றை சீட்டில்தான் வருவேன். அவருடைய முதுகை எனக்குத் தெரிந்த அளவு அவர் பெண்டாட்டிக்குக்கூடத் தெரியாது.

பழைய துணிகளை வெட்டி, ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து, கையாலேயே தைத்துப் படம் செய்கிறார். பூ, பறவை, மயில் என்று யாரும் செய்கிற சமாசாரம் எதுவும் அவரிடம் கிடையாது. முன்கண்ணாடி வழியாக நாள் முழுக்க எதைப் பார்க்கிறாரோ அதுதான் படம். சிக்னலில் நிற்கும் ஸ்கூட்டர்காரரின் முதுகு. முன்னால் போகும் லாரியின் பின்கதவு. மழைத் தண்ணீர் தேங்கிய பள்ளம், அதில் விழுந்து கிடக்கும் தெருவிளக்கு. எல்லாரும் முதுகைக் காட்டிக்கொண்டு போகிறார்களே, ஒரு முகம்கூடவா இல்லை என்று ஒரு நாள் வாயைவிட்டுக் கேட்டுவிட்டேன்.

“எல்லார் முகத்தையும் பாத்துக்கிட்டு ஓட்டினா வண்டி எங்க மேடம் போகும்?” என்றார்.

தையல் மெஷின் வாங்கிக்கொள்ளுங்களேன் என்று சொல்லாத ஆள் இல்லை. “நாள் பூரா நான்தான் ஓடிக்கிட்டே இருக்கேனே. இதாவது மெதுவா நடக்கட்டும்” என்பார். புதுத் துணியைத் தொடவே மாட்டார். “புதுசு வெறைச்சுக்கிட்டு நிக்கும் மேடம், புது மாப்பிள்ளை மாதிரி. நல்லா துவைச்சுத் துவைச்சுக் காயப் போட்டாத்தான் சொன்ன பேச்சு கேக்கும்.”

இதனால் பயணிகளுக்கு வரும் அவஸ்தை கொஞ்சநஞ்சமில்லை. உள்கண்ணாடி என்பது பின்னால் நடப்பதைப் பார்க்க வைத்தது. இவர் அதில் சட்டைகளைப் பார்க்கிறார். எந்தச் சட்டை எப்போது நைந்து போகும் என்று கண்ணாலேயே எடை போடுவார். ஒரு பெரிய மனிதர், பெண் பார்க்கப் போவதற்காக இருப்பதிலேயே நல்ல சட்டையாகப் போட்டுக்கொண்டு ஏறினார். இறங்கும்போது நம் ஆள் மரியாதையாக, “சார், இந்தச் சட்டை கிழிஞ்சா எனக்கு ஒரு வார்த்தை சொல்லுங்க” என்றார். அந்த மனிதர் அதற்கப்புறம் அடுத்த பஸ்ஸில்தான் போகிறார்.

வீட்டிலும் இதே கதைதான். பெண்டாட்டி அலமாரியைப் பூட்டிச் சாவியைத் தன்னோடேயே வைத்துக்கொள்கிறார். “இந்த மனுசன் பார்வை பட்டாலே போதும், துணிக்கு வயசாயிடும்” என்று என்னிடமே புலம்பியிருக்கிறார். ஆனால் பிஸ்கட் டப்பாவில் துண்டுகளை நிறவாரியாக அடுக்கிக் கொடுப்பதும் அந்த அம்மாள்தான். அதைக் கேட்டால், சும்மா கிடந்தால் தூசி அடையுமே என்கிறார்.

நூலை அறுப்பதற்கு மட்டும் அவர் கத்தரிக்கோல் எடுக்க மாட்டார். குனிவார், கடிப்பார், ‘டக்’ என்று ஒரு சத்தம். கடித்துக் கடித்து முன்பல்லில் ஒரு சின்னப் பள்ளமே விழுந்துவிட்டது. பல் டாக்டர் திட்டி அனுப்பியிருக்கிறார். “கத்தரி துணிக்கு, பல்லு நூலுக்கு. அதது வேலைய அதது செய்யணும்” என்று டாக்டருக்கே பாடம் எடுத்துவிட்டு வந்திருக்கிறார்.

இன்னொரு வழக்கமும் உண்டு. கையில் எந்தத் துணி வந்தாலும் வெட்டுவதற்கு முன்னால் கொடுத்தவரிடம் கேட்பார்: யாருடையது, எப்போது வாங்கியது, வேண்டாம் என்று சொன்னது யார். பதில் சரியாக வராவிட்டால் மடித்துத் திருப்பிக் கொடுத்துவிடுவார். அந்த ஒரு வழக்கத்தை ஒரே ஒரு தடவை மறந்தார். அந்த வினைதான் இந்தக் கதை.

கண்டக்டரைப் பற்றிச் சொல்லாமல் டிரைவரைப் பற்றிச் சொல்லி முடியாது. இருவரும் ஒருவரையொருவர் மச்சான் என்று கூப்பிட்டுக்கொள்வார்கள். சொந்தம் எதுவும் கிடையாது, ஒரே பஸ்ஸில் சேர்ந்து நரைத்தவர்கள், அவ்வளவுதான். ஒருவர் முன்னால், ஒருவர் பின்னால். நடுவில் இருக்கும் எங்கள் தலைக்கு மேலாகத்தான் அவர்கள் குடும்பக் கதை போகும், வரும். கண்டக்டர் பெண்ணுக்கு எங்கே இன்டர்வியூ, டிரைவர் பெண்டாட்டிக்கு எந்த முட்டியில் வலி, எல்லாம் எங்களுக்கு அத்துப்படி.

எங்கள் நூலகத்தின் வாசல் சுவர் வெகுநாளாகச் சும்மா கிடந்தது. அக்கம்பக்கத்து மனிதர்களின் கைவேலைகளை இரண்டு வாரம் மாட்டி வைக்கலாம் என்று தீர்மானித்தபோது முதல் ஆளாக இவரைத்தான் சொன்னேன். கேட்டதும் மனிதர் பஸ்ஸிலிருந்து இறங்கி வந்து அந்தச் சுவரைத் தொட்டுப் பார்த்துவிட்டுப் போனார். அதுவரை அவர் படங்களைப் பார்த்ததெல்லாம் அவர் வீட்டுச் சுவர் மட்டும்தான்.

அதற்காக ஒரு பெரிய படம் தொடங்கினார். சாயங்கால மழை, பஸ் ஸ்டாண்டு, நடுவே உள்ளே விளக்குப் போட்டு நிற்கிற ஒரு பஸ். மழை முழுக்கப் பழைய கோட்டுகளின் சாம்பல் நிற உள்துணி. தரை, கிழிந்த ஜீன்ஸ். எல்லாம் அமைந்தது, ஜன்னல்களுக்கு வேண்டிய மஞ்சள்தான் அமையவில்லை. பெண்டாட்டியின் பழைய டவலைக்கூட வைத்துப் பார்த்தார். “வெளிச்சம் வரல மேடம். டியூப் லைட் ஃபியூஸ் போறதுக்கு முன்னாடி முழிக்குமே, அப்படி முழிக்குது.”

அந்த நேரம் பார்த்துக் கண்டக்டர் வீட்டிலிருந்து ஒரு மூட்டை பழந்துணி வந்தது. அதற்குள் ஒரு மஞ்சள் சட்டை. வெளுத்து, வெயில் குடித்து, தொட்டால் கையோடு ஒட்டுகிற மாதிரி. டிரைவர் கேட்கவில்லை. கத்தரியை எடுத்தார். முதுகுப் பக்கமும் முன்பக்கமும் ஜன்னல் ஜன்னலாக வந்து, பஸ்ஸில் ஜன்னலுக்காக வெட்டிவிட்ட ஓட்டைகளை அடைத்தன. பஸ்ஸுக்குள் விளக்கு எரிந்தது.

மறுநாள் காலை, பாதி வழியில், பின்னாலிருந்து கண்டக்டர் குரல் கொடுத்தார். “மச்சான், நேத்து குடுத்த மூட்டையில ஒரு மஞ்சச் சட்டை இருக்கும். எடுத்து வை. என் வீட்டுக்காரி யாரையும் கேக்காம அதையும் போட்டுக் கட்டிட்டா.”

 டிரைவரின் காது மடல் சிவப்பதை நான் பார்த்தேன்.

“நம்ம வேலைச் சட்டைடா அது! எங்க அண்ணனும் நானும் அந்த ஒரே சட்டையை மாத்தி மாத்திப் போட்டுக்கிட்டுப் போய்த்தானே வேலை வாங்கினோம். அண்ணன் மவனும் அதைப் போட்டுத்தான் வேலை வாங்கினான். எங்க பொண்ணு ரெண்டு தடவை போட்டும் வேலை கிடைக்கல, ராசி தேஞ்சு போச்சுன்னு இவ தூக்கிப் போட்டுட்டா. புள்ள அழுவுது. திங்கக்கிழமை இன்டர்வியூவுக்கு அதுதான் வேணுமாம். என்ன மச்சான், காதுல விழுதா?”

“விழுது.” பஸ்ஸை ஓரமாக நிறுத்தினார். திரும்பவில்லை. “வெட்டிட்டேன் மச்சான்.”

அய்யய்யோ என்று யாரோ சொன்னார்கள். நானாகத்தான் இருக்க வேண்டும். கண்டக்டர் முகத்தில் ஈயாடவில்லை. கையிலிருந்த டிக்கெட்டைக் கிழித்து யாரிடமோ கொடுத்தார். பிறகு, “சரிங்க டிரைவர் சார். வண்டிய எடுங்க” என்றார்.

சார்! அதற்கு நாலு கெட்ட வார்த்தை சொல்லித் திட்டியிருக்கலாம். அன்று முதல் பஸ்ஸில் பேச்சும் இல்லை, சிரிப்பும் இல்லை. விசில் மட்டும்தான். முன்பெல்லாம் ஒரு ராகத்தோடு வரும் விசில், இப்போது தந்தி அடிப்பது போல வந்தது. நடுவில் உட்கார்ந்திருந்த எங்களுக்கே மூச்சு முட்டியது.

மூட்டை கட்டியது அந்த வீட்டம்மாள், உங்கள் தப்பு என்ன இதில் என்று நான் வரிந்து கட்டிக்கொண்டு பேசினேன். டிரைவர் தலையை ஆட்டினார். “எப்பவும் கேப்பேன் மேடம். அன்னிக்குக் கேக்கல. கேட்டா, குடுக்க மாட்டேன்னு சொல்லிடுவானோன்னு பயம். அந்த மஞ்சளப் பாத்ததும் புத்தி கெட்டுப் போச்சு.”

வெள்ளிக்கிழமை மத்தியானம், படத்தை வாங்கிக்கொள்ளலாம் என்று பஸ்ஸுக்குப் போனேன். ஸ்டியரிங்கின் மேல் படம் விரித்துக் கிடந்தது. மனிதர் ஊசி முனையால் ஜன்னல் ஜன்னலாகத் தையலைப் பிரித்துக்கொண்டிருந்தார். எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. “உங்களுக்கு என்ன பைத்தியமா? நாளைக்கு மாட்ட வேண்டிய படம்!”

“படம் எங்க போகப் போகுது? சட்டை திங்கக்கிழமை போகணுமே.”

“வேறு மஞ்சள் வைத்துத் தையுங்களேன்!”

“வெக்கலாம். அது வேற பஸ்ஸாயிடும்.”

சனிக்கிழமை படம் அப்படியே சுவரில் ஏறியது. மழை இருந்தது, பஸ் இருந்தது. ஜன்னல்கள் இருந்த இடங்களில் எல்லாம் ஓட்டை. அதன் வழியாக எங்கள் நூலகத்துப் பச்சைச் சுவர் தெரிந்தது. எங்கள் தலைமை நூலகர் ஓட்டைகளுக்கு மஞ்சள் காகிதம் ஒட்டலாம் என்றார். நல்ல வேளையாக நான் பசையை ஒளித்து வைத்துவிட்டேன்.

திங்கட்கிழமை காலை முதல் டிரிப்புக்கு முன்னால், கண்டக்டர் சீட்டில் ஒரு பொட்டலம் இருந்தது. பிரித்தார். சட்டை. துண்டு துண்டானதை எல்லாம் டிரைவர் சேர்த்து, எறும்பு ஊர்ந்த மாதிரிப் பொடித் தையலில் முழுச் சட்டையாக்கியிருந்தார். தையலுக்குள் துணி போனதில் சட்டை சுற்றளவில் கொஞ்சம் சுருங்கியும் இருந்தது. கண்டக்டர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.  எட்டிப் போய் வெளியே நின்ற மகளிடம் கொடுத்துவிட்டு வந்து விசில் அடித்தார். அதே தந்தி விசில்தான். எனக்கு அழுகையே வந்துவிட்டது.

இரண்டு வாரம் முடிந்த கடைசி நாள், படத்தைக் கழற்றிக்கொண்டு போக டிரைவர் வந்திருந்தார். அவர் பின்னாலேயே கண்டக்டர் உள்ளே நுழைந்தார். நூலகத்துக்குள் அவர் காலடி வைத்தது அன்றுதான். உடம்பில் அந்த மஞ்சள் சட்டை. மகளுக்கு அளவெடுத்தாற்போல் அமைந்த சட்டை இவருக்குப் பிடித்துக்கொண்டு நின்றது. வயிற்றுக்கு நேரே இருந்த பொத்தான் ஒற்றை நூலில் தொங்கிக்கொண்டிருந்தது.

படத்தின் முன்னால் நின்று, ஓட்டை ஓட்டையாகப் பார்த்தார்.

“ஜன்னல் பூராவும் தொறந்து கெடக்கே. மழை உள்ள அடிக்காதா?”

 “பொண்ணுக்கு ரிசல்ட் வந்துச்சா?” என்றார் டிரைவர். மச்சான் என்று சேர்த்துக்கொள்ளத் தைரியம் வரவில்லை.

“இன்னும் வரல. இன்டர்வியூ எடுத்தவங்கள்ல ஒரு அம்மா தையலத் தொட்டுப் பாத்தாங்களாம். யார் தைச்சதுன்னு கேட்டாங்களாம். எங்க மாமான்னு சொல்லிட்டு வந்திருக்கா.”

சொல்லிவிட்டு, என் மேஜை மேலிருந்த கத்தரிக்கோலை என்னைக் கேட்காமலே எடுத்தார். பேண்ட்டுக்குள் சொருகியிருந்த சட்டை நுனியை வெளியே இழுத்தார். டிரைவரிடம் கத்தரியை நீட்டினார்.

“இது உள்ள போற எடம்தான், வெளிய தெரியாது. ரெண்டு ஜன்னலுக்காவது வரும். வெட்டிக்க மச்சான்.”

டிரைவர் கத்தரிக்கோலை வாங்கினார். சட்டை நுனியைப் பார்த்தார், ஜன்னலைப் பார்த்தார். அந்த மஞ்சளுக்கு அவர் எவ்வளவு ஏங்கினார் என்பது எனக்குத் தெரியும், எடுத்துக்கொள்ளுங்களேன் என்று வாய்வரை வந்துவிட்டது. அவர் கத்தரியை என் மேஜையிலேயே திரும்ப வைத்தார். கழுத்தைத் தடவினார்.

“மூச்ச இழுத்துப் புடி மச்சான்” என்றார்.

கண்டக்டர் மூச்சை இழுத்து வயிற்றை எக்கிக்கொண்டு நின்றார். தொங்கிய பொத்தானைப் பிடித்து நாலைந்து தரம் இறுக்கித் தைத்துவிட்டு, டிரைவர் அவர் வயிற்றருகே குனிந்து, ‘டக்’ என்று நூலைக் கடித்தார்.