பேசிய குற்றம்

வரதராஜன்பேட்டை மரிய செல்வம் பெரம்பலூர்ப் பக்கம் ஓர் இன்ஜினியரிங் கல்லூரியில் மூன்றாம் ஆண்டு படிக்கிறான். நான்கு தாளில் அரியர். முந்திரி விவசாயியான அப்பாவிடம் சொல்லப் பயந்து ஒரு வாரமாகத் தூக்கமில்லை. அம்மா காரணம் கேட்காமலே ஜெப எண்ணெய் கொடுத்தனுப்பினார், தலையணைதான் பிசுபிசுத்தது.

அந்தக் கல்லூரியில் ஆணும் பெண்ணும் பேசக் கூடாது. மாடிப்படிகூடத் தனித்தனி. மின்சாரம் மட்டும் எப்படியோ இருபாலருக்கும் ஒரே கம்பியில் வருகிறது.

வகுப்புத் தோழி இனாயா வராந்தாவில், "என்னடா, பேயறைஞ்ச மாதிரி இருக்க?" என்றாள். பாய்ந்து வந்த மேற்பார்வையாளர், ஒழுக்கம் கெட்டுவிட்டதென்று இருவரையும் மனநல ஆலோசகரிடம் அனுப்பினார். ஆலோசகரோ மாணவர் மன அழுத்தம் பற்றிப் பேசத் திருச்சி போயிருந்தார். அவர் வரும்வரை இருவரையும் வாசல் பெஞ்சில் உட்கார வைத்தார் பியூன்.

மரிய செல்வம் எல்லாவற்றையும் கொட்டினான்.

"நாலுதானா? எனக்கு அஞ்சுடா. துபாய்ல இருக்குற அத்தாகிட்ட சொன்னேன். ரெண்டு நாள் கத்துனாரு. மூணாம் நாள் சாப்டியான்னு கேட்டாரு. நீயும் உங்கப்பாகிட்ட சொல்லித் தொலை."

பியூனின் செல்போனை வாங்கி அப்பாவை அழைத்தான். திட்டு பியூனுக்கே கேட்டது. கடைசியில், "மறுபடி எழுதிக்க. அதுக்குப் போயி தூங்காம கெடக்குறியா, கூறுகெட்டவனே?" என்றார் அப்பா.

ஆலோசகர் திரும்பியபோது மரிய செல்வம் பெஞ்சிலேயே குறட்டை விட்டுக்கொண்டிருந்தான்.

"பாத்தீங்களா, நம்ம ரூம் வாசல்ல உக்காந்தாலே மனசு அடங்கிடுது!" என்று பூரித்த ஆலோசகர், இனாயா பக்கம் திரும்பினார். "ஆனா இனிமே நீங்க ரெண்டு பேரும் பேசக் கூடாது!"